மலையிறங்கும் முன்

பீர் டம்ளரை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை லோகநாதனுக்கு ஊற்றிய டம்ளர். நுரை இன்னும் அடங்கவில்லை.

அத்தைக்கு ஆசை வந்துவிட்டது என்று அவன் சிரித்தான். அவன் பக்கத்தில் இருந்த மகள் சுகந்தியும் சிரித்தாள்.

எதிரில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன், சுகந்தியின் அப்பா, மட்டும் சிரிக்கவில்லை. எலுமிச்சை சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஊஞ்சல் இருக்கும் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏற்காட்டில் ஒரு ஓட்டலின் புல்வெளி. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கென்றே ஒதுக்கிய இடம். மேசைக்கு மேசை பாட்டில் இருக்கும், பக்கத்திலேயே பால் புட்டியும் இருக்கும். சேலத்து வெயில் மண்டையைப் பிளக்கிற மே மாதத்தில், ஞாயிறு சாயங்காலம் ஆனால் இங்கே ஏறி வந்துவிடுவார்கள். மாப்பிள்ளை பீர் குடிப்பான். அம்மாவும் மகளும் பொரித்த காலிஃபிளவரைக் கொறிப்பார்கள். பேரப்பிள்ளைகள் ஊஞ்சலுக்குச் சண்டை போடுவார்கள்.

அவர் சோடா குடிப்பார். வண்டி ஓட்டுகிறவர் அவர்தானே.

வேறு யார் ஓட்டுவது? இதே மலையில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். சுகந்திக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் இதே பாதையில்தான். ஆனாலும் அவர் இருக்கும்போது இன்னொருவர் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. ரிட்டயர் ஆன மனுஷனுக்கு மிச்சமிருக்கிற ராஜாங்கம் அது ஒன்றுதான்.

கண்ணைக் கட்டிவிட்டாலும் இறக்கிவிடுவேன் என்பார். இன்றும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவளால் முடியவில்லை.

இன்று ஏறும்போது ஒரு வளைவில் மாடு நின்றது.

நட்டநடு ரோட்டில், செவலை மாடு. அவளுக்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்கும் என்று சும்மா இருந்தாள். வண்டியின் வேகம் குறையவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் பிரேக் விழுந்தது. மாட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஜாண்கூட இல்லை.

பின்சீட்டில் பிள்ளைகள் கும்மாளமிட்டார்கள். தாத்தா வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். லோகநாதன் போனில் இருந்தான். சுகந்தி சின்னவனுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கியரை மாற்றி வண்டியை எடுத்தார்.



இப்போது வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. சவுக்கு மரங்களுக்கு நடுவே மூடுபனி இறங்குகிறது. பகலில் மாடு தெரியாதவர், இருட்டில் இத்தனை உயிர்களை வைத்துக்கொண்டு இறங்கப்போகிறார்.

கண் டாக்டரிடம் போகலாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். கேட்கிற ஆளில்லை. உங்களுக்குக் கண் தெரியவில்லை, சாவியை மகளிடம் கொடுங்கள் என்று மாப்பிள்ளை எதிரில் எப்படிச் சொல்வது? சொன்னால் கொடுத்துவிடுவார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கொடுத்த பிறகு அந்த மனுஷன் தலை நிமிர்ந்து நடக்கமாட்டார்.

ஒரு வழி இருந்தது. அதன் குறுக்கே ஒரு சத்தியம் இருந்தது.

டிரைவர் வேலை கிடைத்த அன்று, இனிமேல் குடிப்பதில்லை என்று அவரிடம் சத்தியம் வாங்கியவள் அவள். கைக்குழந்தையாக இருந்த சுகந்தியின் தலையில் அடித்து வாங்கினாள். அன்றோடு விட்டவர்தான். கல்யாணத்திலும் தொட்டதில்லை, சாவிலும் தொட்டதில்லை.

அந்தத் தலை இப்போது எதிரில் மல்லிகை வைத்துக்கொண்டு சிரிக்கிறது.

கோட்டை மாரியம்மா, என் பெண்ணுக்கு ஒன்றும் வரக்கூடாது. சத்தியம் வாங்கினவள் நான். வருவதானால் எனக்கு வரட்டும்.

டம்ளரை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"இன்னைக்கு நீங்க குடிங்க."

உனக்கென்ன பைத்தியமா என்று சுகந்தி மெதுவாகக் கேட்டாள்.

அவர் டம்ளரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

கோபம்தான் முதலில் வந்தது. அந்தக் கோபத்தோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவள் அவள். கண்ணை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கோபம் எங்கேயோ போய்விட்டது.

மருந்து குடிப்பதுபோல ஒரே மூச்சில் குடித்தார். முகம் கோணியது. வாயைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார், குடித்தவன் மலையில் வண்டியைத் தொடக்கூடாது, அதுதான் டிரைவருக்கு அழகு என்று. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து சுகந்தியிடம் நீட்டினார். இறங்கும்போது செகண்ட் கியரை விட்டு மாறாதே என்று ஒரு அதட்டலும் போட்டார்.

மாமா இப்போதுதான் வழிக்கு வந்தார் என்று லோகநாதன் கை தட்டினான். கை கழுவ எழுந்து போனான். சுகந்தி பிள்ளைகளைக் கூப்பிட ஊஞ்சல் பக்கம் போனாள்.

அவளுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. ஒரு மாடுதானே. யாருக்கும் நடக்கிறதுதான். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும். தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள்.

அவர் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"அந்த மாட்டைப் பார்த்துத்தானே பயந்துட்ட?"

அவள் தலையாட்டினாள்.

"மாட்டையாவது கடைசியில பார்த்தேன்." குரல் அவளுக்கு மட்டும்தான் கேட்டது. "எதிர்ல வந்த ஒரு பஸ்ஸுக்குப் பிள்ளைங்க கை காட்டுச்சுங்களே. அந்த பஸ்ஸை நான் பார்க்கவே இல்ல."