டேங்கில் தண்ணீர்

"மூணாவது வாட்டி கண்ணையா! ஆறு மாசத்துல மூணாவது வாட்டி! டூப்ளிகேட் இன்ஜெக்டரை ஒரிஜினல்னு சொல்லி என் தலையில கட்டுறியா?"

திண்டிவனத்தில் மெக்கானிக் கண்ணையனின் பட்டறை முன்னால் நின்று சவுரிராயன் கத்தினார். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நேற்று கல்யாண சவாரியோடு மயிலம் தாண்டி நின்றுபோன அவருடைய பழைய டீசல் வேன், பட்டறைக்குள் நின்றிருந்தது.

கண்ணையன் பதிலுக்குக் கத்தவில்லை. ஒரு தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்தார்.

"உங்க டேங்குல பிடிச்சதுண்ணே. வெளிச்சத்துல பாருங்க."

மேலே டீசல். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர்.

"இது உள்ள போனா, இன்ஜினுக்குள்ள டீசலைப் பீச்சுற இன்ஜெக்டர் முனை துருப்பிடிச்சிப் போவும். தங்கத்துல செஞ்சி போட்டாலும் இதே கதிதான். என்னமோ, என்னைத் திருடன்னு விழுப்புரம் பூரா சொல்லிக்கினு திரியிறீங்களாமே?"

உண்மைதான். வேன் ஸ்டாண்டில் ஒருவர் விடாமல் சொல்லியிருந்தார். சவுரிராயனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"பங்க்குல தண்ணி கலந்திருக்குமோ?"

"அதே பங்க்குல எத்தினி வண்டி போடுது! உங்களுது மட்டும்தானே இங்க வருது?" கண்ணையன் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. டேங்குக்கு அடியில வடிக்கிற போல்ட்டு. வருஷத்துக்கு ஒருதபா கழட்டுனாலே ஜாஸ்தி. உங்களுது தேஞ்சி போயிருக்குது. யாரோ அடிக்கடி கழட்டி மாட்டுறாங்க."

சவுரிராயன் மெல்லத் திரும்பினார். வேனின் மறுபக்கம் டிரைவர் வல்லரசு நின்றிருந்தான். அவருடைய மகன் அறிவுச்செல்வனின் கூட்டாளி. இது அறிவு ஓட்டிய வேன். இரண்டு வருடத்துக்கு முன், பைபாஸ் ஓரம் நிறுத்திப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தவனை ஒரு லாரி அடித்துவிட்டுப் போனது. வேனை விற்க மனம் வராமல்தான் வல்லரசுவிடம் சாவியைக் கொடுத்திருந்தார்.

"போல்ட்டைக் கழட்டுறது நீயாடா?"

"ஆமாம்பா." அறிவு கூப்பிட்டதைப் போலவே அவனும் கூப்பிடுவான்.

"டீசலை வடிச்சி வித்துட்டு, அளவு சரியா இருக்கட்டும்னு தண்ணிய ஊத்தி வெச்சியா?"

"நான் விக்கலப்பா."

"அப்ப எதுக்குடா கழட்டுனே? சொல்லேன்!"

வல்லரசு வாயைத் திறந்தான். டீக்கடைப் பக்கம் பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டான்.

"என் புள்ளை சீட்டுல உன்னை உக்கார வெச்சேன் பாரு, என்னைத்தான் செருப்பால அடிச்சிக்கணும். சாவிய வெச்சிட்டுப் போ!"

சாவியை சீட்டின் மேல் வைத்துவிட்டு அவன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.

"சோறு போட்ட வீட்டுக்கே வேலை காட்டிட்டான் பாரு!" என்றது டீக்கடையிலிருந்து ஒரு குரல். சற்று முன்வரை தன் மேல் இருந்த கண்களெல்லாம் இப்போது வல்லரசுவின் முதுகுக்குப் போய்விட்டதில், சவுரிராயனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

விழுப்புரத்தில் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி அமலா வாசலை எட்டிப் பார்த்தாள்.

"வல்லரசு எங்கங்க? அவனுக்கும் சேத்துதான் கொழம்பு வெச்சேன்."

"இனிமே வர மாட்டான். டீசலைத் திருடிக்கினு டேங்குல தண்ணி ஊத்தி வெச்சிருக்கான், துரோகி. ஊரைக் கூட்டி நாலு பேருக்கு முன்னால கேட்டுத் துரத்திட்டேன்."

அமலா கரண்டியோடு நின்றாள்.

"டேங்குல தண்ணியா? ஐயோ... அது நானுங்க."

"என்னாது?"

"வெள்ளிக்கிழமை மாதா கோயில் பூசையில சாமியார் மந்திரிச்சிக் குடுக்கிற தண்ணிய வாங்கியாந்து நான்தான் ஊத்துறேன். நம்ம அறிவுக்கு வண்டி மேலால தெளிச்சிதான் அனுப்புனேன், வெயில்ல காஞ்சிபோச்சி. உள்ள ஊத்துனா கூடவே போவுமில்ல? இந்தப் புள்ளைக்காவது ஒண்ணும் ஆவக்கூடாதுங்க."

சவுரிராயன் அவள் பக்கம் ஒரு எட்டு வைத்தார்.

"அவனுக்கு... அவனுக்குத் தெரியுமா?"

"ஒருநாள் பாத்துட்டான். 'ஊத்துங்கம்மா, எனக்கும் அதான் தைரியம்'னான்." அமலா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஆனா நான் ஊத்திட்டு உள்ள வந்ததும், ஸ்பானரையும் ஒரு டப்பாவையும் எடுத்துக்கினு வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக்குவான். அவசர சவாரி இருந்தா மட்டும் அப்படியே கெளம்பிடுவான். எதுக்குன்னு நான் கேட்டதே இல்லீங்க."