மகன் குரலில் ஒரு கேள்வி

எழுபத்தெட்டு வயது ஞானமுத்து தலையில் அடிபட்டு, இரண்டு நாள் கழித்து இறந்திருந்தார். உள்ளே தாழிட்ட வீடு; யாரும் வந்துபோன தடயமில்லை. தனியாக இருப்பவரிடம் நலம் விசாரித்து, ஆபத்தென்றால் ஆம்புலன்ஸை அழைக்கும் கவனிப்புக் கருவி இருந்தும் அது ஏன் வரவில்லை என்பதுதான் எஸ்.ஐ. செண்பகவல்லிக்குப் பிடிபடவில்லை. கருவியின் பதிவை ஓடவிட்டாள்.

குளியலறையில் தொம்மென்று ஒரு சத்தம். உடனே கருவி, மெல்போர்னில் இருக்கும் மகனின் குரலில் கேட்டது: "அப்பா, விழுந்துட்டீங்களா?"

"இல்லப்பா, வாளிதான் விழுந்துச்சு. நீ வேலையப் பாரு."

மறுநாள் மறுபடி கேட்டது: "ஏம்ப்பா முனகுறீங்க? தலைவலியா?"

"சேச்சே, நல்லா இருக்கேன். நீ சாப்பிட்டியா?"

மெஷின் என்று தெரிந்தும் அந்தக் குரலிடம் அவரால் உண்மை சொல்ல முடியவில்லை.

செண்பகவல்லி வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்தாள். தென்காசியில் தனியாக இருக்கும் அவள் அம்மாவின் கருவி, அவள் குரலில்தான் பேசும். அம்மாவுக்கு ஒரு குறையுமில்லை என்றே ஐந்து வருடமாக அது தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது. போனை எடுத்துத் தன் குரலை நீக்கிவிட்டு, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குரலை வைத்தாள். பிறகு கருவியும் அம்மாவும் பேசுவதைக் கேட்க, போனைக் காதில் வைத்துக் காத்திருந்தாள்.

"எப்படி இருக்கீங்கம்மா?" என்றது புதுக் குரல்.

"நீ யாரு தாயி, புதுசா இருக்கே?" அம்மா குரலைத் தாழ்த்தினாள். "வலது கண்ணு சுத்தமாத் தெரியல. போன வாரம் படியில விழுந்துட்டேன். எம் மவகிட்ட மட்டும் சொல்லிராத."