இரண்டு நிறுத்தம் முன்பாக

நடைப்பயிற்சிக் காலணிகள் கட்டிலுக்கடியிலும் இல்லை. குனிந்து தேடிய கிறிஸ்துதாஸ் நிமிர்ந்தபோது, மகன் ஜெபின் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தான்.

"நான்தாம்பா எடுத்து வச்சேன். நடக்கறேன்னு போயி எங்கனா மயங்கி வுழுந்தா யாரு பாக்கறது? ரெஸ்ட் எடுங்க."

"டாக்டரம்மா நடக்கச் சொல்லியிருக்காங்கடா."

"அவங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. எங்களுக்கு இருக்கறது ஒரு அப்பாதானே."

இரண்டு மாதங்களுக்கு முன், சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் அருகே வேலை செய்துகொண்டிருந்தவர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை நோயும் இரத்தக்கொதிப்பும் முன்பே உண்டு. அன்றுமுதல் படபடப்பும் சேர்ந்துகொண்டது. அவரை அலுவலக வேலைக்கு மாற்றிய நிர்வாகம், பணிக்குத் தகுதியுள்ளவரா இல்லையா என்பதை மழைக்காலத்துக்குள் மருத்துவக் குழு முடிவு செய்யும் என்று அறிவித்துவிட்டது.

தகுதியில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு எதிர்க் குவார்ட்டர்ஸ் மருதாசலமே சான்று. சென்ற ஆண்டு அவரைத் தகுதியற்றவர் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தமக்குப் பதிலாக நிரந்தர வேலையில் சேர்ந்த மகன் கம்பெனி பஸ்ஸில் ஏறுவதை, வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பஸ் போன பிறகும் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாற்காலியை நினைத்தாலே கிறிஸ்துதாஸின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

வீட்டாரோ அவரை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார்கள். பல ஆண்டுகளாகச் சர்க்கரையில்லாத காப்பியே கொடுத்துவந்த மனைவி சகாயம்மாள், திடீரென்று இரண்டு கரண்டி சர்க்கரை போடத் தொடங்கினாள். "எத்தினி நாளுக்குத்தாங்க கசப்பையே குடிப்பீங்க?" என்றாள்.

ஜிம்முக்குப் போகும் நண்பனிடம் சொல்லி ஜெபின் ஒரு பவுடர் டப்பா வாங்கிவந்தான். "காலையில ரெண்டு ஸ்பூன் கலக்கிக் குடிங்கப்பா, ஒடம்பு கும்முனு ஆயிடும். டாக்டருகிட்டலாம் சொல்லிக்கினு இருக்காதீங்க. எதுக்கெடுத்தாலும் வேணாம்பாங்க."

அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி அவன். கான்ட்ராக்ட் மாப்பிள்ளை வேண்டாம் என்று மேல்பட்டாம்பாக்கத்துப் பெண்வீட்டார் பின்வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த வருத்தத்திலும் தகப்பனை மறக்காத பிள்ளை என்று கிறிஸ்துதாஸ் உருகிப்போனார்.

ஒருநாள் குடித்தார். அரைமணி நேரத்தில் இதயம் தாறுமாறாக ஓடியது; கைகள் நடுங்கின. உயிர் போய்விடும் என்றே அஞ்சியவர், படபடப்பு அடங்கியதும் டப்பாவை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு டாக்டர் ஏஞ்சலினிடம் ஓடினார்.

டப்பாவின் பின்புறத்தைப் படித்ததும் டாக்டரின் முகம் மாறிற்று. "யாரு குடுத்தா இத? ஒரு ஸ்பூன்லயே நாலு காப்பியோட வேகம் இருக்கு. பிரஷருக்கு மாத்திரை போடறவரு, படபடப்பு உள்ளவரு இதத் தொடவே கூடாது."

"பையன்தாம்மா. பாசத்துல வாங்கியாந்துட்டான்."

"பாசம் இருக்கட்டும். எந்தப் பவுடரா இருந்தாலும் எங்கிட்ட காட்டாம வாயில போடாதீங்க. மாத்திரைய நிறுத்தாதீங்க. ஓட வேணாம், பேசிட்டே நடக்கற வேகம் போதும். மூச்சு வாங்கினா நின்னுடுங்க."

அன்றுமுதல் கிறிஸ்துதாஸ் சொந்த வீட்டிலேயே திருடரானார். காப்பியைக் குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றினார். மகன் மனம் நோகக்கூடாதென்று, நாள்தோறும் இரண்டு கரண்டி பவுடரைச் சமையலறை சிங்க்கில் கரைத்துவிட்டார். வேறொரு ஜோடிக் காலணி வாங்கி அலுவலகத்தில் ஒளித்துவைத்தார்.

மாலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இரண்டு நிறுத்தம் முன்பாகவே இறங்கிக்கொள்வார். 'தானே' புயலுக்குப் பின் நட்ட மரங்களினூடே, ஜெபமாலை சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடப்பார். ஜெபம் நடுவில் அறுந்தால் நடையைக் குறைப்பார். வாரங்கள் செல்லச் செல்ல, ஜெபம் அறுவது நின்றது. நெஞ்சின் படபடப்பும் அடங்கியது. இவ்வளவு அன்பை ஏமாற்றுகிறோமே என்ற உறுத்தல் மட்டும் அடங்கவில்லை.

மருத்துவக் குழு கூடிய அன்று, சகாயம்மாள் விடியற்காலையிலேயே மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். ஜெபின் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு உடன் வந்தான். வெளியே பெஞ்சில் இருவரும் அமர்ந்திருக்க, அவள் விரல்கள் ஜெபமாலையை உருட்டியபடி இருந்தன.

கதவைத் திறந்துகொண்டு வந்த கிறிஸ்துதாஸின் முகம் மலர்ந்திருந்தது.

"தகுதி இருக்குன்னுட்டாங்க. பிரஷர், சுகரு, எல்லாம் கட்டுக்குள்ள இருக்காம். மறுபடியும் மைன்ஸுக்கே போகலாமாம்."

ஜெபமாலை நின்றது. மகிழ்ச்சியில் வாயடைத்துப்போயிருக்கிறார்கள் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

"ஒங்க ரெண்டு பேருகிட்டயும் ஒண்ணு மறைச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க," என்று சிரித்தார். "காப்பியெல்லாம் குரோட்டன்ஸுதான் குடிச்சுது. பவுடரு சிங்க்குல போச்சு. தெனமும் ரெண்டு ஸ்டாப்பு முன்னாடியே எறங்கி நடந்தேன். இனிமே ரிட்டயர் ஆவற வரைக்கும் என்னை யாராலயும் அசைக்க முடியாது."

சகாயம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழாதே என்று அவள் தோளைத் தொடப்போனார், அவள் விலகிக்கொண்டாள்.

ஜெபின் எழுந்தான். அப்பாவின் முகத்தைப் பாராமலே சொன்னான்:

"மருதாசலம் மாமாவுக்குப் புள்ளையா பொறந்திருக்கலாம்."