மந்திரி கேட்ட கேள்வி

கொக்கின் கூட்டைக் கலைத்து முட்டைகளைத் தின்றவன் கரடி மந்திரியின் மைத்துனன். அவனைப் பிடித்து அடைத்த பிறகுதான் காவல் தலைவரான செந்நாய்க்கு அது தெரியவந்தது. உடனே மந்திரி வீட்டுக்கு ஓடியது.

"ஐயா, தெரியாமல் பிடித்துவிட்டேன். விட்டுவிடட்டுமா?"

உள்ளே மந்திரியின் மனைவி அழுகிற சத்தம் கேட்டது. கரடி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னது:

"யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்பதெல்லாம் உன் பொறுப்பு. அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் போன வாரம் நீ அடைத்த நரி ஏன் நொண்டிக்கொண்டே வெளியே வந்தது? அதற்கு எனக்குப் பதில் சொல்."

செந்நாய் தலைகுனிந்தது. "என் காவலர்கள் அடித்துவிட்டார்கள், ஐயா."

"நாளைக்குச் சபையில் இதைக் கேட்பார்கள். மறைக்காமல் சொல். உன் காவலர்கள் செய்ததற்கு மந்திரியான நானும் பொறுப்பு; உன் பக்கத்தில் நின்று பதில் சொல்கிறேன்."

இத்தனை நாள் பயந்து கும்பிட்ட செந்நாய், அன்று மனதாரக் கும்பிட்டது.