அடுத்த வீட்டுப் பிள்ளை

"நீங்க சொல்லுங்கம்மா. என்ன கேட்கட்டும்?"

அரசு வழக்கறிஞர் திலகவதியின் பதிலுக்காகக் காத்திருந்தார்.

நீதிமன்றத்தின் மாடி வராந்தா. குற்றவாளி என்று காலையிலேயே தீர்ப்பாகிவிட்டது. என்ன தண்டனை என்பது மதியம் தெரியும். அதற்குள் பறிகொடுத்தவர்களின் மனதை அறிந்துகொள்ள நினைத்தார் அவர்.

கொலையானவன் அவள் மகன், இளம்பரிதி.

வெட்டியவன் அவள் மருமகளின் அண்ணன்.

தங்கை வேறு சாதியில் கட்டிக்கொண்டாள் என்பதற்காக, பட்டப்பகலில், பேருந்து நிறுத்தத்தில், அந்தத் தங்கையின் கண்ணெதிரிலேயே வெட்டினான்.

அந்தத் தங்கை, பூங்கோதை, இப்போது மாமியாரின் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் தன் பதிலை ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

"தூக்கு கேளுங்க சார்."

கூடப் பிறந்தவனுக்கு. குரல் நடுங்கவே இல்லை.

வழக்கறிஞர் திலகவதியிடமும் கேட்டதற்குக் காரணம் இருந்தது. தூக்குத் தண்டனை கூடாது என்று ஊர் ஊராக மேடையேறிப் பேசியவள் அவள்.

கல்லூரி நாட்களில் படித்த ஒரு நாவல். ஒரு கைதியின் கடைசி வாரம். அதைப் படித்த பிறகு பல நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு படம். தூக்குக் கயிற்றுக்கு எண்ணெய் தடவிவிட்டு வீட்டுக்கு வருகிறவன், அதே கையால் மகளுக்குத் தலை பின்னிவிடுவான்.

அவற்றுக்கெல்லாம் முன்னால், தெருக் குழாயடி.

அவளுக்குப் பத்து வயதிருக்கும். அவர்கள் தெருக்காரன் ஒருவனைச் சிறையில் தூக்கிலிட்டிருந்தார்கள். அவன் அம்மா குடத்தோடு தண்ணீர் பிடிக்க வந்தாள். மற்ற பெண்கள் தங்கள் குடங்களைச் சத்தமில்லாமல் நகர்த்திக்கொண்டார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. குடம் நிறைந்து வழிந்தது. அந்த அம்மா அதைப் பார்த்தபடியே நின்றாள்.

நாவலும் படமும் அந்தக் காட்சிக்குச் சொற்களைத் தந்தன. அவ்வளவுதான்.

பிணவறையில் மகன் மேலிருந்த துணியை விலக்கியபோது எல்லாம் போயிற்று. நாவல், படம், குழாயடி, எல்லாம்.

வெட்டியவனைத் தன் கையாலேயே கொல்ல வேண்டும் போலிருந்தது. அன்றைக்கு மட்டுமல்ல. இன்று காலையிலும்.

அவன் வராந்தாவின் அந்தக் கோடியில், காவலர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். தலை குனியவில்லை. அரிவாளைத் தூக்குகிறவனுக்கு விசில் பறக்கும் படங்களைப் பார்த்தும், குலப்பெருமை பேசும் பெரியப்பாக்களின் மடியில் உட்கார்ந்தும் வளர்ந்தவன்.

அவனுக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. அது அசையவே இல்லை.

அவளுடையதுதான் ஆடியது.

"நீங்க மேடையில பேசினதெல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு, அத்தை," என்றாள் பூங்கோதை. "இது நம்ம பரிதி."

உண்மைதான்.

திலகவதி தனக்குள் தேடிப் பார்த்தாள். இரக்கம் இல்லை. மன்னிப்பு இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை.

"ஆயுள் கேளுங்க," என்றாள். "தூக்கு வேண்டாம்."

பூங்கோதை அவளை ஒரு முறை பார்த்தாள். விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

மதியம் ஆயுள் தண்டனை விதித்தார்கள். அதைக் கேட்கப் பூங்கோதை வரவில்லை.

திலகவதி இறங்கி வரும்போது படியில் ஒரு பெண் வழி மறித்தாள். பூங்கோதையின் அம்மா. கல்யாணமான நாளிலிருந்து தாயும் மகளும் பேசிக்கொண்டதில்லை.

அவள் காலில் விழக் குனிந்தாள். திலகவதி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம். உங்க பிள்ளைக்காக இல்ல."

பின் யாருக்காக என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திலகவதிக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

"பூங்கோதை ஏதாவது சாப்பிட்டாளா?"

அதைத்தான் கேட்டாள்.

"சாப்பிட்டா," என்று திலகவதி பொய் சொன்னாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. வண்டிகள் நிறுத்துமிடத்தில் பூங்கோதை ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தாள். தலைக்கவசம் போட்டிருந்தாள். முகம் தெரியவில்லை. வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

திலகவதி அருகில் போய் நின்றாள்.

பூங்கோதை திரும்பவில்லை. கிளம்பவும் இல்லை.

சற்றுப் பொறுத்துக் குனிந்து, பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கம்பியைக் கையால் இழுத்து விரித்துவிட்டாள்.

தோளைப் பிடித்துத்தான் திலகவதி ஏறுவது வழக்கம்.

கையை உயர்த்தினாள். அது தோளைத் தொடாமல், அதற்கு மேலே நின்றது.