அளவு மோதிரம்

"நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வைர மோதிரம் வேணும்," என்றார் தலை நரைத்த வாடிக்கையாளர்.

ஏசிக் குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரை இழுத்துவிட்டபடி, விற்பனையாளன் கற்களைக் கறுப்புத் துணியில் பரப்பினான்.

"இந்தத் துளி வடிவம் பாருங்க சார்."

"கூரா இருக்கே. அவங்க எந்நேரமும் பின்னிக்கிட்டே இருப்பாங்க. கம்பளி நூல்ல மாட்டும்."

"அப்போ சதுரம்?"

"பேத்தியைக் குளிப்பாட்டுவாங்க. முனை கீறிடுமே."

மணப்பெண்ணுக்குப் பேத்தியா! பொங்கி வந்த சிரிப்பை அவன் அடக்கிக்கொண்டான். "ஓவல் எடுங்க சார். எதுலயும் மாட்டாது, கீறாது. விரல் அளவு இருக்கா?"

அவர் தயங்கித் தயங்கி, சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய மோதிரத்தை எடுத்து வைத்தார்.

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் சம்பளத்தில் அவன் அம்மாவுக்கு வாங்கித் தந்த மோதிரம். சோப்பு நுரையோடு சாக்கடைக்குப் போய்விட்டது என்று போன வாரம் அம்மா அழுத மோதிரம்.

"உங்ககிட்டயே வாங்கச் சொன்னாங்க தம்பி," என்றார் அவர். "வீட்ல சொன்னா கத்துவீங்களாம். கடையில வாடிக்கையாளர்கிட்ட குரலை உயர்த்த மாட்டீங்களாம்."

முதலாளி புன்னகையோடு பக்கத்தில் வந்து நின்றார். "என்னப்பா, சாருக்குப் பிடிச்சிருக்கா?"

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

"பில் போட்டுடலாமா, சார்?"