இறங்காத முள்

ஸ்ரீநிவாசராகவன் கருவியை நெருங்கினார். முள் விருட்டென்று மேலே ஏறியது.

விலகினார், இறங்கியது.

கிழக்குத் தாம்பரத்து ஆய்வுக்கூடத்தில் ஈராண்டு உழைத்து அவர் உருவாக்கிய கருவி அது. குழாய்க்குள் இழுக்கப்படும் காற்றின் ஊடே லேசர் ஒளிக்கற்றை பாயும். அக்காற்றில் அம்மோனியா அணுவளவு கலந்திருப்பினும், அது ஒளியை உறிஞ்சி ஒரு நுண்ணொலியை எழுப்பும். ஒலிவாங்கி அதனைக் கேட்டு முள்ளை நகர்த்தும்.

மேலிடத்திலிருந்து வந்திருந்த மூவர் குழு, கருவி நம்பத்தக்கதா அன்றா என்று அன்றே எழுதித் தர வேண்டும். நம்பத்தக்கதன்று என எழுதினால், கருவி பழைய இரும்போடு சேரும்.

"உங்க முள்ளு ஆளைப் பாத்து ஆடுதே, சார்" என்றார் குழுத் தலைவர் வைத்தீஸ்வரன், வாசலோர நாற்காலியில் அமர்ந்தவாறே.

"பின்னால மாட்டுக்கொட்டகை இருக்கு சார். காத்து இந்தப் பக்கம் அடிச்சா இப்படித்தான்."

உதவி ஆய்வாளரான ஹில்டா சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "மாடெல்லாம் மேயப் போயாச்சே சார். நீங்க கிட்ட போறப்ப மட்டும் கரெக்டா திரும்பி வந்துடுதா?"

குழுவினர் நகைத்தனர்.

ராகவனுக்குக் காரணம் முன்பே விளங்கிவிட்டது. ஆயினும், அதனைச் சொல்வதைவிட மாட்டின்மீது பழி போடுவது எளிதாயிருந்தது.

தலைவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"காலையில தலைக்கு டை அடிச்சேன், சார்" என்றார் ராகவன், தரையை நோக்கி. "அதுல அம்மோனியா இருக்கு. சாயங்காலம் ஊரப்பாக்கத்துல பொண்ணு பாக்கப் போறேன். மெஷின் மேல தப்பே இல்ல. நான் வெளியில போறேன், முள் இறங்கும் பாருங்க."

சொன்னபடியே வெளியேறினார். தம் தலையைத் தொட்ட காற்று அறைக்குள் புகாத திசையை ஆராய்ந்து, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

தலைவர் எழுந்து வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக் கருவியின்மீது குனிந்தார்.

முள் இறங்கவில்லை. இன்னும் ஒரு கோடு ஏறியது.

"இறங்கிடுச்சா, ஹில்டா?" வெளியிலிருந்து ராகவன் குரல் கொடுத்தார்.

ஹில்டா முள்ளைப் பார்த்தாள். பின்னர், வரும் சித்திரையில் பணி ஓய்வு பெறவிருந்த தலைவரின் குனிந்த தலையைப் பார்த்தாள். அதில் ஒரு நரைகூட இல்லை. காதோரத் தோலிலும் சிறிது கருமை ஒட்டியிருந்தது.

"இறங்கும் சார்" என்றாள். "ரூம்ல கூட்டம் ஜாஸ்தி. எல்லாருமே கொஞ்சம் வெளியில நின்னா இறங்கிடும்."

குழுவின் மற்ற இருவரும் ஏதும் புரியாமல் ஒருவரையொருவர் நோக்கினர்.

முதலில் வெளியேறியவர் தலைவர்தாம். நேரே வேப்பமரத்தடிக்குச் சென்று, பெண் என்ன படித்திருக்கிறாள் என்று ராகவனிடம் பரிவோடு விசாரித்துக்கொண்டே, 'மிகவும் நம்பத்தக்கது' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.